காலக் கணக்கும் கணினி விரிதாளும்

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் எனக் கொண்டது தொல்காப்பியம். காலத்தையே பெயராகக் கொண்ட அத்தியாயம் ஒன்று திருக்குர்ஆனில் உண்டு. 'அல் அஸ்ர்' என்பது அது. இத்தகு காலத்தை இன்று நமக்கு அளந்து தரும் கருவிகளுள் ஒன்று எக்செல் போன்ற கணினி விரிதாள். பணிக்காலம், வாடகைக் கெடு, ஸகாத் தவணை என எதனையும் அது நொடியில் கணித்துவிடும். எனினும், அது எவ்வாறு எண்ணுகிறது என்பதை அறியாது விடையை மட்டும் ஏற்றல் தகாது.

விரிதாளுக்கு நாளே அடிப்படை அலகு. எக்செல் 1900 சனவரி முதல் நாளுக்கு 1 என்னும் எண்ணை இட்டு, அடுத்தடுத்த நாளுக்கு ஒவ்வொன்றாகக் கூட்டிச் செல்கிறது. விழுப்புரம் மாவட்டம் தோன்றிய 30-9-1993 அதற்கு 34242. அதனின்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான 26-11-2019 அதற்கு 43795. பின்னதிலிருந்து முன்னதைக் கழிக்க, 9553 நாள் என்பது விடை. விடை தேதி போலத் தோன்றினால், கட்டத்தின் வடிவத்தை 'எண்' என மாற்றுதல் வேண்டும்.

மணி என்பது நாளின் பின்னம். காலை 6 மணி 0.25, நண்பகல் 0.5. கிடைத்த விடையை 24ஆல் பெருக்க மணியும், 1440ஆல் பெருக்க நிமிடமும் கிட்டும். ஒரு நாளை 60 ஆகப் பகுத்த நம் முன்னோரின் நாழிகை வேண்டுவோர் 60ஆல் பெருக்கலாம்.

இங்கு மூன்று இடங்களில் விழிப்பு வேண்டும். திண்டிவனத்தில் இரவு 11.40க்கு இரயிலேறி, நள்ளிரவு கடந்து 12.20க்கு விழுப்புரத்தில் இறங்குபவர், மணியை மட்டும் இட்டுக் கழித்தால் விடை குறை எண்ணாகும். கட்டம் முழுதும் '#####' என நிரம்பிவிடும். தேதியையும் மணியையும் சேர்த்து இட்டால் 40 நிமிடம் எனச் சரியாக வரும். அடுத்து, கழித்தலில் முதல் நாள் சேராது. ரமழான் முதல் பிறை தொடங்கிப் பத்தாம் பிறை வரை நோற்ற நோன்பு பத்து, கழித்தால் ஒன்பதே. இரு முனையும் சேரவேண்டிய இடத்தில் ஒன்று கூட்டுக. மேலும், 1900க்கு முற்பட்ட தேதியை எக்செல் வெறும் எழுத்தாகவே கொள்ளும். ஆதலின் பழைய வக்ஃபு ஆவணங்களின் வயதை அதன் கழித்தலால் காண இயலாது.

இவை அனைத்தினும் முதன்மையானது ஆண்டு பற்றிய வினா. மேற்கண்ட 9553 நாளை ஆங்கில ஆண்டால் அளந்தால் 26 ஆண்டும் 57 நாளும் ஆகும். ஹிஜ்ரி ஆண்டால் அளந்தால் 27 ஆண்டு நிறைவுற ஏறத்தாழ இரண்டு வாரமே குறைவு. நாள்கள் அவையே, அளவுகோல்தான் வேறு.

நிஸாப் அளவை எட்டிய பணமும் பொன்னும் வணிகப் பொருளும் ஒரு சந்திர ஆண்டைக் கடந்தால் நாற்பதில் ஒரு பங்கு ஏழைகளின் உரிமையாகிறது. சந்திர ஆண்டு 354 அல்லது 355 நாள். ஆங்கில ஆண்டோ ஏறத்தாழ 11 நாள் மிகுதி. 33 ஆங்கில ஆண்டுகள் கழிவதற்குள் 34 சந்திர ஆண்டுகள் நிறைந்துவிடும். ஆண்டுதோறும் ஒரே ஆங்கிலத் தேதியில் ஸகாத்தைக் கணக்கிடும் வணிகர், தம் வாழ்நாளில் ஓராண்டு ஸகாத்தை அறியாமலே விட்டுவிடக்கூடும். விரிதாள் அவரை எச்சரிக்காது. அதன் கூட்டலிலும் கழித்தலிலும் பிழை இராது. ஆங்கில ஆண்டையே பின்பற்றுவோர் நூற்றுக்கு 2.5 என்பதை ஏறத்தாழ 2.577 எனக் கொள்ளவேண்டும் என்பார் அறிஞர் சிலர்.

எனவே, குடும்பத்துப் பெரியோரின் கணக்கை விரிதாளில் ஏற்றித் தரும் மாணவர்கள், சென்ற தவணைத் தேதியுடன் 365க்குப் பதிலாக 354ஐக் கூட்டுக. அடுத்த தவணையின் அண்மை நாள் கிடைக்கும். அதனைப் பிறை அறிவிப்போடு ஒப்பிட்டு உறுதி செய்க. நாளை எண்ணுவது கணினியின் பணி. எந்த ஆண்டால் அளப்பது என்று முடிவு செய்வது நம் பொறுப்பு. அப்பொறுப்பில் தவறினால் இழப்பு எளியோருக்கே.