காற்றும் நீரும் பெயரான ஊர்

பல்லாண்டுகள் பூகோளம் கற்பித்த நான் மாணவர்க்கு அடிக்கடி கூறி வந்ததொன்று உண்டு. ஓர் ஊரின் பெயரைப் பிரித்துப் பொருள் கண்டால், அவ்வூரின் இயல்பில் பாதி விளங்கிவிடும் என்பதே அது. இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகக் கரீபியன் கடலிலுள்ள காப்பெஸ்தேர் பெல்லோ என்னும் சிற்றூரைக் கூறலாம்.

குவாதலூப் என்னும் பிரெஞ்சுத் தீவு, சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி போன்றது. கிழக்குச் சிறகு சமவெளி. மேற்குச் சிறகு மலைநாடு. மலைநாட்டின் தென்கிழக்குக் கரையில் இவ்வூர் அமைந்துள்ளது. காப்பெஸ்தேர் என்றால் காற்றை எதிர்நோக்கிய நிலம். பெல்லோ என்றால் அழகிய நீர். கடலிலிருந்து வீசும் கீழைக்காற்று, 1,467 மீட்டர் உயரமுள்ள சூஃப்ரியேர் எரிமலையில் மோதி மேலெழுந்து மழையாகப் பொழிகிறது. அந்நீரே கார்பே அருவிகளாக வீழ்கிறது. அவற்றுள் முதலாவது 115 மீட்டர் உயரமுடையது. 1493 நவம்பரில் கொலம்பஸுடன் வந்த மருத்துவர் ஒருவர், மலையிலிருந்து வீழும் பேரருவியொன்றைக் கப்பலிலிருந்தே கண்டு வியந்து எழுதியுள்ளார்.

நீர் வளமிருந்தமையால் கரும்பும், பின்னர் வாழையும் செழித்தன. ஊரின் அருகே இருமருங்கும் நெடிய பனைகள் அணிவகுத்து நிற்கும் துமனுவார் சாலை, பழைய பண்ணைச் செல்வத்தை இன்றும் நினைவூட்டுகிறது. ஆனால் அச்செல்வத்தை விளைவித்த கைகள் யாருடையவை? முதலில் ஆப்பிரிக்க அடிமைகளுடையவை. 1848இல் அடிமை முறை ஒழிந்தபின் பண்ணையாளர்கள் ஒப்பந்தக் கூலிகளை நாடினர். 1854 டிசம்பரில் முதற்கப்பல் வந்தது. 1889 வரை நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர் இத்தீவை அடைந்தனர். அவருள் தமிழர் பலர்.

அத்தகைய இந்தியப் பெற்றோர்க்கு 1863இல் இவ்வூரில் பிறந்தவர் ஹென்றி சிதம்பரம். பிரெஞ்சு ஆட்சிமுறையில் பிறப்புப் பதிவேடு நகராட்சி மன்றத்தில் இருக்கும். வாக்காளர் பட்டியலும் ஊர்வாரியாகவே அமையும். அவ்வூரிலேயே பிறந்து வளர்ந்தும், இந்தியரின் மக்கள் வாக்காளர் ஆகலாகாது என்று 1904இல் ஆட்சியாளர் தடை கூறினர். ஒரு பதிவேட்டில் ஊரார், மற்றொன்றில் அயலார்! சிதம்பரம் இதனை ஏற்கவில்லை. வழக்கு மன்றம் சென்றார். பத்தொன்பது ஆண்டுகள் தளராது போராடினார். 1923இல் உரிமை கிட்டியது. தம் நாற்பதாம் வயதில் தொடங்கிய போரை அறுபதாம் வயதில் முடித்த அப்பெரியார் 1952இல் மறைந்தார்.

இன்று அத்தீவில் தமிழ்ப் பேச்சு பெரும்பாலும் மறைந்துவிட்டது. ஆயினும் காப்பெஸ்தேரின் சாஞ்சிப் பகுதியில், வண்ணச் சிலைகள் பொலியும் இந்துக் கோயில் சாலையோரத்தில் நிற்கிறது. தீவினர் அனைவரும் விரும்பியுண்ணும் ‘கொலொம்போ’ என்னும் மசாலைக் கறி, நம் ‘குழம்பு’ என்ற சொல்லின் வழிவந்ததென்று கூறுவாரும் உளர்.

காற்றும் நீரும் இவ்வூர்க்குப் பெயர் தந்தன. அங்கே உழைத்த மக்களின் பெயரோ, வாக்காளர் பட்டியலில் ஏறுவதற்கே பத்தொன்பது ஆண்டுகள் வழக்காட வேண்டியிருந்தது. ஓர் ஊரின் வரலாற்றைப் படிக்கும் மாணவர்கள், அதன் மலையையும் ஆற்றையும் அறிவதோடு, அவ்வூர்ப் பட்டியலில் யார் பெயர் எப்போது எழுதப்பட்டது என்பதையும் கேட்டறிதல் வேண்டும்.