ஒளிரும் எண்கள் – 6: அணைந்திருக்கும் இலக்கத்தைக் கவனியுங்கள்

சென்ற வாரம் 12 வோல்ட்டை 170 வோல்ட்டாக உயர்த்தும் சர்க்யூட்டைப் பார்த்தோம். அந்த மின்சாரம் எந்த இலக்கத்தின் வழியே போக வேண்டும் என்பதை இனி டிரான்சிஸ்டர்கள் பார்த்துக்கொள்ளும். நிக்ஸி கடிகாரம் கட்டுகிறவர்களில் பலர் சறுக்குவது இந்தக் கட்டத்தில்தான்.

குழலுக்குள் பத்து இலக்கங்களும் மெல்லிய உலோக உருவங்களாக ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு கேத்தோடு. எல்லாவற்றுக்கும் பொதுவாக வலைபோன்ற ஓர் ஆனோடு. எந்தக் கேத்தோடைக் கிரவுண்டுடன் சேர்க்கிறோமோ, அதைச் சுற்றி நியான் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். ஆகவே இலக்கத்துக்கு ஒன்றாக என்பிஎன் டிரான்சிஸ்டர் வேண்டும். கலெக்டர் கேத்தோடுக்கு, எமிட்டர் கிரவுண்டுக்கு.

சோவியத் தயாரிப்பான ஐஎன்-14 குழலுக்கு 2.5 மில்லிஆம்பியர் போதும். இதைக் கேட்டதும் எல்லோர் கையும் பிசி 547-ஐத் தேடிப் போகும். 100 மில்லிஆம்பியர் தாங்கும் டிரான்சிஸ்டர் அது. இந்த வேலைக்குத் தாராளம் என்று தோன்றும். ஆனால் மதகைத் தேர்ந்தெடுப்பவர், திறந்தால் எவ்வளவு நீர் பாயும் என்பதோடு, மூடியிருக்கையில் எவ்வளவு நீரை அது தடுத்து நிறுத்தும் என்றும் பார்ப்பார் அல்லவா? டேட்டாஷீட்டில் அதற்கான எண் விசிஇஓ. பிசி 547-க்கு அது வெறும் 45 வோல்ட்.

குழல் எரியும்போது ஆனோடு ஏறத்தாழ 140 வோல்ட்டில் நிற்கும். மீதி 30 வோல்ட் ஆனோடு ரெசிஸ்டரில் விழும். அணைந்திருக்கும் ஒன்பது கேத்தோடுகளும் சும்மா இருப்பதில்லை. பக்கத்திலேயே மின்னேற்றம் பெற்ற வாயு ஒளிர்ந்துகொண்டிருக்கிறது. அது அவற்றைப் பல பத்து வோல்ட் மேலே இழுக்கிறது. அந்த அழுத்தத்தை டிரான்சிஸ்டர் தாங்காவிட்டால், மூடிய நிலையிலேயே கசியும். ஒளிரும் இலக்கத்துக்குரிய மின்னோட்டத்தில் ஒரு பங்கை அணைந்திருக்க வேண்டிய இலக்கம் எடுத்துக்கொள்ளும். ‘3’க்குப் பின்னால் ‘8’ன் மங்கல் நிழல் தெரியும். டிரான்சிஸ்டர் புகைந்து போகாது. ரெசிஸ்டர் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவதால் பிழைத்துக்கொள்ளும். அதனாலேயே பலர் நிழலுக்குக் குழலைக் குறை சொல்கிறார்கள்.

இது இன்றைய சிக்கல் அல்ல. பரோஸ் நிறுவனம் 1955-இல் நிக்ஸியை அறிமுகப்படுத்தியபோது கிடைத்த ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள் பெரும்பாலும் சில பத்து வோல்ட்களைத் தாண்டாதவை. பிரிட்டனில் 1961-இல் வந்த அனிதா கணிப்பான் எண்களைக் காட்ட மட்டுமின்றி, கணக்குப் போடவும் வாயுக் குழல்களையே நம்பியிருந்தது. நிக்ஸியை இயக்கவென்றே பின்னால் வந்த 74141 சிப் ஏறக்குறைய 60 வோல்ட்தான் தாங்கும். 170-இல் 60 போனால் குழலுக்கு மிஞ்சுவது 110. எரிந்துகொண்டிருக்கவே 140 வேண்டிய குழல் அதில் எரியாது. எவ்வளவு அழகான கணக்கு! சோவியத்தின் கே155ஐடி1 சிப்பும் இதே வழிதான். இந்தச் சிப்கள் கையில் இருந்தால் தயங்காமல் பயன்படுத்துங்கள்.

தனி டிரான்சிஸ்டர் என்றால் என் தேர்வு எம்பிஎஸ்ஏ 42. விசிஇஓ 300 வோல்ட். கடிகாரம் நள்ளிரவில் எல்லா இலக்கங்களையும் அணைத்தாலும், மின்வழங்கி தொடக்கத்தில் கொஞ்சம் எகிறினாலும் கவலையில்லை. 160 வோல்ட் தாங்கும் 2என்5551-உம் ஓடும். விலையில் பெரிய வித்தியாசம் இல்லாதபோது அந்தக் குறைந்த இடைவெளியோடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும்?

பேஸ் ரெசிஸ்டரைக் கணக்கிட்டே போடுங்கள். எம்பிஎஸ்ஏ 42-இன் குறைந்தபட்சப் பெருக்கம் 25. எனவே 2.5 மில்லிஆம்பியருக்கு பேஸில் 0.1 போதும், இரட்டிப்பாக 0.2 கொடுக்கலாம். 5 வோல்ட் ஆர்டுயினோவில் பேஸுக்கான 0.7 போக 4.3 மிஞ்சும். 22 கிலோஓம் சரியாக இருக்கும். 3.3 வோல்ட் போர்டு என்றால் 10 கிலோஓம். இதைவிட மிக அதிகமாகக் கொடுத்தால் டிரான்சிஸ்டர் அணையத் தாமதிக்கும். குழல்களை மாற்றி மாற்றி எரிக்கும் மல்டிபிளெக்ஸ் முறையில் அந்தத் தாமதம், முந்தைய குழலின் இலக்கத்தை அடுத்ததில் நிழலாகக் காட்டும்.

பழைய போர்டில் பிசி 547-ஐக் கழற்றிவிட்டு எம்பிஎஸ்ஏ 42-ஐப் பொருத்துபவர்கள் கால்களைப் பார்க்கவும். தட்டையான முகம் நம்மைப் பார்த்திருந்தால் பிசி 547-க்கு இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். எம்பிஎஸ்ஏ 42-க்கு எமிட்டர், பேஸ், கலெக்டர். அப்படியே திருப்பிப் பொருத்த வேண்டும்.

மல்டிபிளெக்ஸில் ஆனோடு பக்கம் எம்பிஎஸ்ஏ 92 எப்படி வேலை செய்கிறது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம். அதுவரை ஒரு வேண்டுகோள்: மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கெபாசிட்டரில் 170 வோல்ட் தங்கியிருக்கலாம். மல்டிமீட்டரில் பார்த்து, அது இறங்கிவிட்டது என்று உறுதிசெய்த பிறகே போர்டில் கைவையுங்கள்.

(தொடரும்)