ஆமை புகுந்த வீடு!

'ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது'ன்னு நம்ம ஊர்ப் பாட்டிங்க சொல்வாங்க. இப்போ கதை அப்படியே உல்டா! வீட்ல ஆமை இருந்தா அதிர்ஷ்டம் கொட்டும்னு ஒரு கோஷ்டி கிளம்பியிருக்கு. 'குரைக்காது, வாக்கிங் கூட்டிட்டுப் போக வேணாம், செலவும் கம்மி'ன்னு உங்க ஃப்ரெண்டும் ஏத்தி விட்டிருப்பான். சரி, கோவில்பட்டி வெயிலுக்கும் உங்க வீட்டுக்கும் எந்த ஆமை செட் ஆகும்? வாங்க, ஒவ்வொருத்தரையா இன்டர்வியூ பண்ணிடலாம்.

நட்சத்திர ஆமை

கறுத்த ஓட்டுல மஞ்சள் கோடுகள் நட்சத்திரமா விரியும். பார்த்ததும் மனசு விழுந்துடும். ஆனா அந்த டிசைன் நம்ம ஷோகேஸுக்காக இல்லீங்க. காய்ஞ்ச புல்லுக்குள்ள நரி, கீரி கண்ணுல படாம ஒளிஞ்சுக்கத்தான். தமிழ்நாட்டோட வறண்ட முட்புதர்க் காடுகள்தான் இதோட சொந்த வீடு. வெயில் காலத்துல புதருக்கடியில் பதுங்கிக் கிடக்கும். மழை விழுந்ததும் சுறுசுறுப்பா மேய வரும்.

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-ல் செஞ்ச திருத்தம் இதை முதல் அட்டவணைக்குக் கொண்டு போயிடுச்சு. புலி இருக்கிற அதே பட்டியல்! பிடிச்சாலோ வித்தாலோ 3 முதல் 7 வருஷம் வரை ஜெயில், குறைஞ்சது 25,000 ரூபாய் அபராதம். 2019-ல் சர்வதேச வணிகத்துக்கும் தடை போட்டாச்சு. 'இது பண்ணையில பொரிச்சது தம்பி'ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. அனேகமா ஏதோ ஒரு காட்டுல சாக்குல அள்ளினதா இருக்கும். முட்டை வைக்கிற வயசுக்கு வரவே பல வருஷம் ஆகும்கிறதால, அள்ளின இடத்துல மறுபடி பெருகுறது ரொம்பக் கஷ்டம். இந்த ஆமை புகுந்த வீட்ல பின்னாடியே வனத்துறையும் புகும். ஆக, பாட்டி சொன்னது கரெக்ட்!

நம்ம கண்மாயில் கிடைக்கிற பாலாமையும் அதே முதல் அட்டவணைதான். அதையும் பக்கெட்டுல போட்டு வீட்டுக்குக் கொண்டு வரக் கூடாது.

சிவப்புக் காது ஆமை

மீன் கடைத் தொட்டியில நீந்துற குட்டிப் பச்சை ஆமை இதுதான். சொந்த ஊர் அமெரிக்காவின் மிசிசிப்பிப் பக்கம். வாங்கும்போது உள்ளங்கைக்குள்ள அடங்கும். வளர்ந்தா ஒரு அடி வரைக்கும் போகும். பெரிய தொட்டி, ஃபில்டர், ஏறி வெயில் காய மேடு, எல்லாம் வேணும். சாப்பிட்டது, கழிச்சது எல்லாம் அதே தண்ணிதான். கோடையில குடத்துக்கு வரிசையில நிக்கிற தெருவுல இருந்துக்கிட்டு அடிக்கடி தொட்டித் தண்ணி மாத்த முடியுமா? சால்மொனெல்லா கிருமியும் பரவும். அதனாலதான் நாலு அங்குலத்துக்குச் சின்ன ஆமைகளை விற்க அமெரிக்காவே 1975-ல் தடை போட்டது. வீட்ல குட்டிப் பசங்க இருந்தா ரெண்டு தடவை யோசிங்க.

ஆப்பிரிக்க சல்கட்டா

சகாரா ஓரத்து ஆள். நம்ம வெயில் இவருக்கு ஓகே. ஆனா கையளவுக் குட்டி வளர்ந்து 50 கிலோவையும் தாண்டும். தோட்டத்தைத் தோண்டிக் குகையே கட்டிடும். 2024 விதிகள்படி பரிவேஷ் இணையதளத்தில் பதிவும் செய்யணும்.

கணக்கு போடுங்க பாஸ். உங்களுக்கு இப்போ 20 வயசு. படிப்பு முடிஞ்சா சென்னையோ பெங்களூரோ. அப்புறம் கல்யாணம், வாடகை வீடு. சல்கட்டா ஐம்பது வருஷத்துக்கும் மேல இருக்கும். கடைசியில கீரை நறுக்கிப் போடப் போறது உங்க அம்மாதான்!

அதனால, வீட்டுக்கு ஏத்த ஆமை எதுன்னா... பெரும்பாலான வீட்டுக்கு எதுவுமே இல்லை. இதுதான் இன்டர்வியூ ரிசல்ட்.

ஏற்கெனவே வெளிநாட்டு ஆமை இருக்கா? 'பாவம், போய்ப் பிழைச்சுக்கட்டும்'னு கண்மாயிலயோ கோயில் தெப்பத்துலயோ விட்டுடாதீங்க. உலகின் மோசமான 100 ஊடுருவும் உயிரினங்கள் பட்டியலில் சிவப்புக் காது ஆமையும் உண்டு. நம்ம ஊர் ஆமைகளோட இரையையும் இடத்தையும் பிடுங்கிக்கும். நட்சத்திர ஆமையா இருந்தா உடனே வனத்துறையிடம் பேசி ஒப்படைச்சிடுங்க.

ஆசை தீரலையா? மழைக்கு அப்புறம் ரோட்டைக் கடக்கிற ஆமையைப் பார்த்தா பைக்கை ஓரமா நிறுத்துங்க. அது எந்தப் பக்கம் போய்க்கிட்டிருந்ததோ அந்தப் பக்கமே எடுத்து விட்டுட்டு, ஒரு போட்டோ எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க.