கனிமப் பரப்புகள் பிடிப்பதும் விடுவதும்

ஆற்று நீரிலும் நிலத்தடி நீரிலும் கால்சியம், சோடியம், பாஸ்பேட், ஆர்செனிக் எனப் பல பொருள்கள் கரைந்திருக்கின்றன. எது எவ்வளவு இருக்கும் என்பது பாறை கரைவதை மட்டும் பொறுத்ததன்று. நீர் தொட்டுச் செல்லும் களிமண், இரும்பு ஆக்சைடு போன்ற கனிமத் துகள்கள் கரைபொருள்களைத் தங்கள் மேற்பரப்பில் பிடித்துவைக்கின்றன. சூழல் மாறினால் விட்டுவிடுகின்றன. இவ்வாறு பிடிப்பதே பரப்புக் கவர்ச்சி.

துகள் நுண்மையாக ஆக, அதன் பரப்பு பெருகும். கயோலினைட் களிமண்ணில் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 10 முதல் 20 சதுர மீட்டர் பரப்பு உண்டு. கரிசல் மண்ணில் மிகுந்துள்ள ஸ்மெக்டைட்டில், படலங்களுக்கு இடைப்பட்ட பரப்பையும் சேர்த்தால், அது 700 சதுர மீட்டரைத் தாண்டும்.

ஸ்மெக்டைட் போன்ற களிமண் படலங்களில் சிலிக்கானின் இடத்தில் அலுமினியமோ, அலுமினியத்தின் இடத்தில் மக்னீசியமோ அமர்வதால் எதிர்மின்சுமை நிலையாக உண்டாகிறது. அதை ஈடுசெய்யக் கால்சியம், சோடியம் முதலிய நேர்மின் அயனிகள் படலத்தை ஒட்டி நிற்கின்றன. இவை இடம் மாறக்கூடியவை. 1850இல் இங்கிலாந்தில் தாம்சன், வே ஆகியோர் தங்கள் சோதனைகளை வெளியிட்டனர். மண்ணின் மீது அம்மோனியம் சல்பேட் கரைசலை ஊற்றியபோது, அம்மோனியம் மண்ணில் தங்கியது. கீழே கால்சியம் சல்பேட் வடிந்தது. இந்த அயனிப் பரிமாற்றத்தில் மின்சுமைக் கணக்கு தவறுவதில்லை: ஒரு கால்சியம் வெளியேற இரண்டு சோடியம் உள்ளே வரவேண்டும். கடல்நீர் நன்னீர்ப் படுகைக்குள் புகும்போது நடப்பதும் இதுவே. சோடியம் களிமண்ணில் ஏற, கால்சியம் நீரில் கலந்து கடினத்தன்மை கூடுகிறது.

இரும்பு ஆக்சைடுகளின் வழி வேறு. இவற்றின் பரப்பிலுள்ள ஹைட்ராக்சில் தொகுதிகள் அமில நீரில் புரோட்டானை ஏற்று நேர்மின்சுமையும், கார நீரில் புரோட்டானை இழந்து எதிர்மின்சுமையும் பெறுகின்றன. ஆர்செனேட், பாஸ்பேட் ஆகிய எதிர்மின் அயனிகள் மின்னீர்ப்போடு நிற்காமல், பரப்பிலுள்ள இரும்போடு வேதிப்பிணைப்பே கொள்கின்றன. இரண்டும் ஒரே இடத்துக்குப் போட்டியிடுவதால், பாஸ்பேட் மிகுந்த நீரில் ஆர்செனிக் எளிதில் ஒட்டுவதில்லை.

இப்பிடிப்பு தளர்ந்தால் என்ன நேரும் என்பதை வங்காள வண்டல் சமவெளி காட்டுகிறது. இமயத்திலிருந்து வந்த வண்டலில், மணல் துகள்மேல் படிந்த இரும்பு ஆக்சைடு ஆர்செனிக்கைச் சுமந்து வந்தது. வண்டலோடு புதைந்த கரிமப் பொருளை உண்ணும் நுண்ணுயிர்கள் முதலில் ஆக்சிஜனைத் தீர்க்கின்றன. பிறகு இரும்பு ஆக்சைடைப் பயன்படுத்துகின்றன. இரும்பு கரையும்போது ஆர்செனிக்கும் நீரில் இறங்குகிறது. உலக சுகாதார அமைப்பு குடிநீருக்குத் தரும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். வங்கதேசத்தின் வரம்பு 50. அங்கு நீரைச் சோதித்து, வரம்பு மீறிய அடிகுழாய்களுக்குச் சிவப்பும் மற்றவற்றுக்குப் பச்சையும் பூசினார்கள்.

தீர்வும் அதே பரப்பில்தான் இருக்கிறது. இரும்பு கலந்த கிணற்று நீரில் காற்றுப் படும்போது துருநிறச் செதில்கள் உருவாகி ஆர்செனிக்கைப் பற்றிக்கொள்கின்றன. மணலில் வடிகட்டி அவற்றை நீக்கலாம். சுத்திகரிப்பு அத்துடன் முடிவதில்லை. வடிகட்டியில் சேரும் கசடைக் குளத்துச் சேற்றில் கொட்டினால், ஆக்சிஜன் இல்லாத அங்கே இரும்பு மீண்டும் கரைந்து ஆர்செனிக் நீருக்கே திரும்பும். கசடைப் பாதுகாப்பாக அகற்றுவதும் நீரைச் சுத்திகரிக்கும் பணியில் அடங்கும்.