வரதராஜன் (பெயர்)

வரதராஜன் என்பது தமிழ்நாட்டில் ஆண்களுக்கு இடப்படும் பெயர்களுள் ஒன்றாகும். வடமொழியில் வரதன் என்பது வரம் தருபவன் எனவும், ராஜன் என்பது அரசன் எனவும் பொருள்படும். 108 வைணவத் திருத்தலங்களுள் ஒன்றான காஞ்சிபுரம் அத்திகிரியில் கோயில் கொண்டுள்ள வரதராஜப் பெருமாளின் பெயரே இவ்வாறு மக்கட்பெயராயிற்று. வரதன், வரதராஜுலு ஆகியன இதன் வேறு வடிவங்களாகும். கிரந்த எழுத்தைத் தவிர்த்து வரதராசன் எனவும் எழுதுவர்.

பாட்டனின் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கத்தால் இப்பெயர் தலைமுறைதோறும் தொடர்ந்து வந்துள்ளது. பேரனைக் குறிக்கும் பெயரன் என்னும் சொல்லே இவ்வழக்கத்தை உணர்த்தும். தமிழறிஞர் மு. வரதராசனின் (1912–1974) இயற்பெயர் திருவேங்கடம் என்பதாகும். எனினும் பாட்டனாரின் பெயரே அவருக்கு நிலைத்துவிட்டது. 2007 ஆம் ஆண்டு ஏபெல் பரிசு பெற்ற கணிதவியலாளர் சீனிவாச வரதனின் பெயரிலும் இதன் குறுகிய வடிவம் இடம்பெற்றுள்ளது.