பாயுமுன் ஒரு சொல்

"வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்பது நம் பழமொழி. கதைகளில் வரும் வீரர்களைப் பார்த்தால் இந்தப் பழமொழி அவர்களுக்காகவே ஏற்பட்டதோ என்று தோன்றும். பகைவன் எதிரே நிற்பான். கூரை இடிந்து விழுந்துகொண்டிருக்கும். அந்த அவசரத்திலும் நம் வீரன் தனக்கென்று வைத்திருக்கும் ஒரு சொல்லை உரக்கச் சொல்லிவிட்டுத்தான் பாய்வான். நேரே பாய்ந்தால் என்ன? சொல்லி முடிப்பதற்குள் பகைவன் ஓடிவிட மாட்டானா? படக்கதை படிக்கும்போதெல்லாம் என் தங்கை கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். ஆனால் அந்தச் சொல்லுக்கும் ஒரு வேலை உண்டு. அது என்னவென்று காண்போம், தோழியரே.

முதலில் வானொலியை எடுத்துக்கொள்வோம். 1933-ஆம் ஆண்டு அமெரிக்காவில் டெட்ராய்ட் நகர வானொலி நிலையம் ஒன்று 'லோன் ரேஞ்சர்' என்னும் நாடகத்தை ஒலிபரப்பத் தொடங்கியது. முகமூடி அணிந்த குதிரை வீரன் ஒருவன் கள்வர்களைத் துரத்திப் பிடிக்கும் கதை. அவனுடைய வெள்ளைக் குதிரையின் பெயர் சில்வர். வானொலியில் முகமூடி ஏது? வெள்ளைக் குதிரைதான் ஏது? காதுக்கு எட்டுவது குளம்பொலி மட்டுமே. அந்தக் குளம்பொலி வீரனுடையதா, ஓடும் கள்வனுடையதா என்று எப்படித் தெரியும்? அதனால்தான் வீரன் "ஹை-யோ, சில்வர்!" என்று கூவினான். அந்தக் குரல் கேட்டதும், அடுப்படியில் அமர்ந்து நாடகம் கேட்கும் குழந்தைக்குக் கூட முகமூடியும் தெரிந்தது, வெள்ளைக் குதிரையும் தெரிந்தது.

சூப்பர்மேன் கதையில் இதைவிடப் பெரிய இடையூறு இருந்தது. குதிரைக்காவது குளம்பு உண்டு. பறக்கும் மனிதனுக்கு என்ன ஓசை? 1938-இல் படக்கதையாகத் தோன்றிய சூப்பர்மேன் 1940-இல் வானொலிக்கு வந்தார். பட் காலியர் என்ற நடிகர் அவருக்குக் குரல் கொடுத்தார். கூச்ச சுபாவமுள்ள பத்திரிகை நிருபர் கிளார்க் கென்ட் என்பவரும் சூப்பர்மேன் என்பவரும் ஒருவரே அல்லவா? படத்தில் என்றால் உடையை மாற்றிக் காட்டிவிடலாம். காலியர் தம் தொண்டையிலேயே உடை மாற்றினார். இது சூப்பர்மேனுக்கு ஏற்ற வேலை என்று பொருள்படும் ஒரு வாக்கியத்தை மெல்லிய குரலில் தொடங்கி, சூப்பர்மேன் என்ற சொல் வரும்போது கனத்த குரலுக்கு இறங்கிவிடுவார். அடுத்து "அப், அப் அண்ட் அவே!" என்ற கூவல். அதன் பின் காற்றின் இரைச்சல். வீரன் தரையை விட்டு எழும்பிவிட்டான் என்று கேட்பவர்கள் அறிந்துகொண்டார்கள்.

இதில் எனக்கு வியப்பளிப்பது வேறொன்று. 1941-இல் சூப்பர்மேன் கார்ட்டூன் படங்கள் வெளிவந்தன. அவற்றில் எல்லாவற்றையும் கண்ணாலேயே பார்க்கலாம். ஆயினும் காலியர் அங்கும் வந்து, அதே வாக்கியத்தை அதே குரல் மாற்றத்தோடு சொன்னார். தேவை போன பிறகும் சொல் போகவில்லை. காரணம் என்ன?

நாம் ஆடும் கோ-கோ விளையாட்டை நினைத்துப் பாருங்கள். துரத்துகிறவள் அமர்ந்திருப்பவளின் முதுகைத் தொட்டு "கோ" என்று உரக்கச் சொல்ல வேண்டும். சொல்லாமல் தொட்டால் தவறு. அமர்ந்திருப்பவளோ அந்த ஓர் எழுத்தைக் கேட்பதற்காகக் கால் விரல்களை ஊன்றி, மூச்சை அடக்கிக் காத்திருப்பாள். கதை கேட்கும் குழந்தையும் அப்படித்தான் காத்திருக்கிறது. வீரன் சொல்லப்போகும் சொல் அதற்கு முன்பே தெரியும். தெரிந்திருப்பதுதான் மகிழ்ச்சியே. அவனோடு சேர்ந்து சொல்லலாம் அல்லவா? சூப்பர்மேனைப் போல் நம்மால் பறக்க இயலாது. அவர் சொல்வதை மட்டும் அவரைப் போலவே சொல்லிவிடலாம்.

சில கதைகளில் சொல் வெறும் முன்னறிவிப்பாக நிற்பதில்லை. வேலையைச் செய்வதே சொல்தான். நம் பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் 1956-இல் மாடர்ன் தியேட்டர்ஸார் எடுத்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தின் "திறந்திடு சீசேம்!" நினைவிருக்கும். சீசேம் என்பது வேறொன்றுமில்லை, எள்! 1709-ஆம் ஆண்டில் அலெப்போ நகரைச் சேர்ந்த ஹன்னா தியாப் என்பவர் பாரிஸில் அந்துவான் கலான் என்ற பிரெஞ்சு அறிஞருக்குச் சொன்ன கதை இது. கலானின் நூல் வழியாகவே உலகெங்கும் பரவியது. அதில் அலிபாபாவின் அண்ணன் காசிம் குகைக்குள் நுழைந்துவிடுகிறான். பொற்குவியலைக் கண்ட மயக்கத்தில் சொல்லை மறந்துவிடுகிறான். பார்லி என்கிறான், வேறு தானியங்களின் பெயர்களைச் சொல்கிறான். கதவு அசையவில்லை. எள்ளை மறந்தவன் உயிரை இழந்தான்.

இந்த வகையில் மிகவும் சுவையானது "ஷஸாம்" என்னும் சொல். எழுத்தாளர் பில் பார்க்கரும் ஓவியர் சி. சி. பெக்கும் 1939-இல் படைத்த படக்கதையில் பில்லி பேட்சன் என்ற அநாதைச் சிறுவன் வருகிறான். அவன் "ஷஸாம்" என்றால் இடி இடித்து மின்னல் இறங்கும். சிறுவன் கேப்டன் மார்வெல் என்ற பெரும் வீரனாகி நிற்பான். மறுபடி சொன்னால் மீண்டும் சிறுவன். ஆங்கிலத்தில் இச்சொல்லுக்கு ஆறு எழுத்துகள். ஒவ்வொன்றும் ஒரு பெயரின் முதல் எழுத்து. சாலமோனின் ஞானம், ஹெர்குலிசின் வலிமை, அட்லசின் தளராமை, சியூசின் ஆற்றல், அக்கிலிசின் துணிவு, மெர்க்குரியின் வேகம். ஆறு பேரையும் ஒரே மூச்சில் அழைத்துவிடலாம். மனப்பாடம் செய்ய இப்படி முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் வழக்கம் நமக்கும் உண்டு, மின்னல்தான் வருவதில்லை!

ஆனால் சொல்லில் வலிமையை வைத்தால் வாயில் ஆபத்தும் வந்து சேரும். பில்லியின் பகைவர்கள் அவனோடு மல்லுக்கட்டுவதில்லை. வாயில் துணியைக் கட்டிவிடுவார்கள், அவ்வளவுதான். அத்தனை வலிமையும் ஒரு கைக்குட்டைக்குள் அடங்கிப்போகும். 1941-இல் இவனுக்கு ஃப்ரெடி என்ற தோழன் வந்தான். ஊன்றுகோலோடு நடந்து செய்தித்தாள் விற்கும் பையன். அவன் "கேப்டன் மார்வெல்" என்று சொன்னால் கேப்டன் மார்வெல் ஜூனியர் ஆகிவிடுவான். வேடிக்கை என்னவென்றால், வீரனாக நிற்கும்போது அவனால் தன் பெயரையே சொல்ல இயலாது. சொன்னால் பழையபடி ஊன்றுகோல்தான்! பிற்காலத்தில் பில்லிக்கும் ஏறத்தாழ இதே கதி நேர்ந்தது. சூப்பர்மேன் பதிப்பகத்தார் தொடுத்த வழக்கினால் 1953-இல் இந்தக் கதைகள் நின்றன. 1967-இல் வேறொரு பதிப்பகம் கேப்டன் மார்வெல் என்ற பெயரைத் தன் வீரனுக்கு வைத்துக்கொண்டது. ஆகவே 1973-இல் பழைய கதைகளுக்கு மறுவாழ்வு கிடைத்தபோது இதழின் பெயர் 'ஷஸாம்' என்றாயிற்று. 2012-இல் வீரனின் பெயரும் அதுவே ஆகிவிட்டது. சொல் தன்னைச் சொன்னவனின் பெயரை விழுங்கிவிட்டது எனலாம்.

நான் சொல்ல விரும்பிய கதையை இறுதிக்கென்று வைத்திருக்கிறேன். 1942 டிசம்பர் மாத இதழில் பில்லிக்கு ஓர் இரட்டைச் சகோதரி இருப்பது தெரியவருகிறது. பெயர் மேரி. கைக்குழந்தையாய் இருந்தபோதே பிரிந்து வேறு வீட்டில் வளர்ந்தவள். அவளைக் கள்வர்கள் கடத்திச் செல்கிறார்கள். பில்லியும் ஃப்ரெடியும் வீரர்களாக மாறிச் சென்று அவளை மீட்கிறார்கள். பிறகு மறுபடியும் சிறுவர்களாகித் தங்கள் இரகசியத்தை அவளிடம் சொல்கிறார்கள். மேரி, தானும் அந்தச் சொல்லைச் சொன்னால் மாறுவேனா என்று கேட்கிறாள். அந்த முதியவர் ஒரு பெண்ணுக்குத் தம் வலிமையைக் கொடுக்க மாட்டார் என்று பில்லி சொல்லிவிடுகிறான். இதைப் படித்தபோது எனக்கு வந்த கோபத்திற்கு அளவில்லை. அவள் அவனோடு ஒரே நாளில் பிறந்தவள் அல்லவா?

அதற்குள் மயங்கிக் கிடந்த கள்வர்கள் எழுந்துவிடுகிறார்கள். பையன்கள் இருவரையும் பிடித்து வாயைக் கட்டிவிடுகிறார்கள். மேரியின் வாயைக் கட்ட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அண்ணனும் அவன் தோழனும் பேச முடியாமல் கிடப்பதைக் கண்டு கலங்கிய மேரி, அந்தச் சொல்லைச் சொல்லிவிடுகிறாள். மின்னல் இறங்குகிறது. அவளுக்கு அருள் செய்வோர் வேறு ஆறு பேர்: செலினா, ஹிப்பாலிட்டா, அரியாட்னி, செஃபிரஸ், அரோரா, மினர்வா. இவர்களுள் காற்றுத் தேவனான செஃபிரஸ் ஒருவர்தான் ஆண். முதலெழுத்துகளைச் சேர்த்தால் அதே "ஷஸாம்" வருகிறது. கள்வர்களை வீழ்த்திவிட்டு, பையன்கள் இருவரையும் விடுவித்தவள் அவள்தான்.