பால்கனி எந்தத் தளம், எந்தப் பக்கம்?

சொகுசுக் கப்பலில் போக விரும்புகிறவரிடம் பயண ஏஜென்ட் முதலில் கேட்பது இதைத்தான்: ஜன்னலே இல்லாத உள்ளறையா, ஜன்னல் அறையா, பால்கனி அறையா? ‘பால்கனி’ என்று சொல்லிப் பணத்தைக் கட்டியதும் பேச்சு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. உண்மையில் பாதி வேலை அதற்குப் பிறகுதான் இருக்கிறது. ஒரே கப்பலின் ஒரு பால்கனியில் நின்றால் பனிமலை தெரியும். இன்னொன்றில் நின்றால் உயிர்காப்புப் படகின் கூரை தெரியும். இரண்டு அறைகளுக்கும் கட்டில், குளியலறை, சோபா எல்லாம் ஒன்றே. இடம்தான் வேறு.

இந்தக் கேள்விக்கே வயது அதிகமில்லை. 1984-இல் சவுத்தாம்ப்டனில் இளவரசி டயானா பெயர் சூட்டிய ‘ராயல் பிரின்சஸ்’ கப்பலில் எல்லா அறைகளும் கடலைப் பார்த்தே அமைந்தன. கணிசமான அறைகளுக்குத் தனிப் பால்கனியும் உண்டு. அன்றைக்கு அது பெரிய புதுமை. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டீலியா நிறுவனம் ஓட்டத் தொடங்கிய ‘எம்ப்ரஸ்’, 1990-இல் கட்டி முடிக்கப்பட்ட கப்பல். அதனால் அதில் பால்கனி அறைகள் குறைவு. சிங்கப்பூரிலிருந்து பயணிகளை ஏற்றிச் செல்லும் ‘கென்டிங் ட்ரீம்’ 2016-இல் வந்தது. அதன் பக்கவாட்டைப் பார்த்தால் அடுக்கடுக்காகப் பால்கனிகள்தான். தேர்ந்தெடுக்க நிறைய இருப்பதால்தான் தவறாகத் தேர்ந்தெடுக்கவும் வாய்ப்பு கூடியிருக்கிறது.

ஆட்டம் எங்கே குறைவு?

கப்பல் இரண்டு விதமாக ஆடும். ஒன்று, முன்னும் பின்னும் ஏறி இறங்குவது. மற்றொன்று, பக்கவாட்டில் சாய்ந்து எழுவது. நீருக்கடியில் இருபுறமும் துடுப்புபோல் நீளும் ஸ்டெபிலைசர்கள் பக்கவாட்டுச் சாய்வை நன்றாகவே மட்டுப்படுத்தும். முன்பின் ஏற்ற இறக்கத்துக்கு அவற்றால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. பேருந்தின் கடைசி இருக்கையில் உட்கார்ந்தவரைத் தூக்கிப் போடும் மேடு, நடு இருக்கைக்காரருக்கு உறைப்பதில்லை. கப்பலிலும் அதே கதைதான். தலைசுற்றல், வாந்தி வரும் என்று பயப்படுபவர்களுக்கு நடுப்பகுதியில், பால்கனி வரிசைகளிலேயே கீழான தளம்தான் பாதுகாப்பு. உச்சித் தள அறைகளுக்குக் கட்டணம் கூடுதலாக இருப்பதுண்டு. சாய்வை அதிகம் உணர்வதும் அங்கேதான்.

கப்பலின் மூக்குப் பக்கமுள்ள பால்கனிகளில் காற்று பலமாக அடிக்கும். நேர் முன்னே பார்த்த அறைகளில் இரவு நேரத்தில் திரையை இழுத்து மூடச் சொல்வார்கள். மேலே கப்பலைச் செலுத்தும் அதிகாரிகள் இருட்டில் கடலைக் கவனிக்க வேண்டும். அறை வெளிச்சம் அவர்கள் பார்வையைக் கெடுக்கும். முன்பக்கக் கீழ்த்தளங்களில் இன்னொரு தொந்தரவும் உண்டு. கப்பல் விடியற்காலையில் துறைமுகத்தை நெருங்கும்போது நங்கூரச் சங்கிலியும், கப்பலைப் பக்கவாட்டில் நகர்த்தும் மோட்டார்களும் அலாரம் இல்லாமலே எழுப்பிவிடும்.

தலைக்கு மேலே, காலுக்குக் கீழே

தள வரைபடத்தைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் தங்கள் தளத்தை மட்டும் பார்க்கிறார்கள். மூன்று தளங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். நீச்சல் குளத்துக்கு நேர் கீழே அறை எடுத்தால், பொழுது விடியும்போதே ஊழியர்கள் சாய்வு நாற்காலிகளை இழுத்து அடுக்கும் சத்தம் கூரையில் கேட்கும். பஃபே உணவகத்துக்குக் கீழே என்றால் தள்ளுவண்டிச் சத்தம். நடன அரங்குக்கு மேலே என்றால் நள்ளிரவு தாண்டியும் பாட்டு. மேலும் கீழும் அறைகளே இருக்கும் தளம்தான் நிம்மதி. வரைபடத்தில் பெயர் ஏதும் போடாமல் வெறுமையாக விட்டிருக்கும் இடங்களைக் கவனிக்க வேண்டும்; அவை சமையற்கூடமாகவோ ஊழியர்கள் புழங்கும் பகுதியாகவோ இருக்கக்கூடும். பக்கத்து அறைக்குத் திறக்கும் இணைப்புக் கதவு, குடும்பமாகப் போகிறவர்களுக்கு வசதி. மற்றவர்களுக்கு அடுத்த அறைப் பேச்சு காதில் விழும் வழி.

சவுத்தாம்ப்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே ஓடும் ‘குயின் மேரி 2’ இதற்கெல்லாம் நல்ல பாடம். 2004-இல் முதல் பயணம் போன இந்தக் கப்பலை வடிவமைத்தவர் ஸ்டீபன் பெய்ன். வட அட்லாண்டிக் அலைகளைத் தாங்க வேண்டும் என்பதால் 4, 5, 6-ஆம் தளங்களின் பால்கனிகள் கப்பலின் எஃகு உடலிலேயே ஜன்னல்போல் வெட்டப்பட்டிருக்கின்றன. காற்று தாக்காது. ஆனால் முன்னே கண்ணாடி கிடையாது, எஃகுத் தடுப்புதான். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தால் கடல் மறைந்துவிடும். வழக்கமாக உயிர்காப்புப் படகுகளைக் கடல் மட்டத்திலிருந்து 15 மீட்டர் உயரத்துக்குள் வைக்க வேண்டும். இந்தக் கப்பலுக்கு மட்டும் விலக்கு வாங்கி 25 மீட்டர் உயரத்தில் தொங்கவிட்டார் பெய்ன். அதன் விளைவாக, வேறு கப்பல்களில் தாழ்ந்த தளங்களில் வரும் பார்வை மறைப்பு இங்கே 8-ஆம் தளத்துக்குப் போய்விட்டது. ‘மேல் தளம், நல்ல காட்சி’ என்ற பொதுக் கணக்கு இங்கே செல்லாது.

பின்பக்கத்துக்கு எப்போதும் ரசிகர்கள் உண்டு. கப்பல் விட்டுச்செல்லும் வெண்ணுரைத் தடம் அடிவானம் வரை நீள்வதை அங்கிருந்துதான் முழுதாகப் பார்க்க முடியும். காற்று குறைவு, பல கப்பல்களில் பால்கனியும் பெரிது. படிக்கட்டுபோல் அமைந்திருந்தால் மேல் தளத்தார் எட்டிப் பார்க்கலாம் என்பதும், என்ஜின் அதிர்வு காலில் தெரியலாம் என்பதும் அதற்குக் கொடுக்கும் விலை. முன்பக்க அரங்குக்குப் போய்வர நடை வேறு.

கடலே தெரியாத பால்கனியும் இருக்கிறது. 2009-இல் வந்த ‘ஓயாசிஸ் ஆஃப் தி சீஸ்’ கப்பலின் நடுவே திறந்தவெளிப் பூங்கா ஒன்றை அமைத்தார்கள். அதைப் பார்த்த பால்கனிகளும் உண்டு. முன்பதிவில் ‘பால்கனி’ என்ற சொல்லை மட்டும் பார்த்துப் பணம் கட்டுகிறவர், அது எதைப் பார்த்த பால்கனி என்பதையும் படித்துவிட வேண்டும்.

இடமா, வலமா?

புறப்பட்ட துறைமுகத்துக்கே திரும்பும் பயணங்களில் பக்கம் பெரிய விஷயமில்லை. ஒருவழிப் பயணத்தில் அது முக்கியம். வான்கூவரிலிருந்து வடக்கே அலாஸ்காவின் சீவர்டுக்கோ விட்டியருக்கோ போகும் கப்பலில் கடற்கரை வலப்பக்கம் இருக்கும். திரும்பும் திசையில் இடப்பக்கம். இன்சைட் பேசேஜ் நீர்வழிகளில் இரண்டு பக்கமும் நிலம் தெரியும். கிளேசியர் பே பூங்காவுக்குள் மார்ஜரி பனியாற்றின் முன்னே கப்பலை நிறுத்தி மெல்லத் திருப்பிக் காட்டுவது வழக்கம். நார்வேயில் பெர்கனிலிருந்து கிர்க்கெனெஸுக்குப் போகும் ஹூர்டிகுரூட்டன் கப்பல்களிலும் வடக்கு நோக்கிப் போகையில் கரை வலப்பக்கம்தான். அட்லாண்டிக்கில் கரையே கிடையாது, அங்கே பார்க்க வேண்டியது வெயிலை: நியூயார்க் நோக்கி மேற்கே போகும்போது தெற்கு வெயில் இடப்பக்கப் பால்கனிகளில் விழும்.

புகையையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். 2006 மார்ச்சில் ஜமைக்காவை நெருங்கிக்கொண்டிருந்த ‘ஸ்டார் பிரின்சஸ்’ கப்பலின் ஒரு பால்கனியில், அணைக்காத சிகரெட்டிலிருந்து கிளம்பியதாகக் கருதப்படும் தீ, பிளாஸ்டிக் தடுப்புகள் வழியாகப் பால்கனி பால்கனியாகப் பரவியது. ஒரு பயணி இறந்தார். 2008 ஜூலை முதல் பால்கனிகளுக்குத் தீத்தடுப்பு விதிகள் கடுமையாயின. இன்று பெரும்பாலான நிறுவனங்கள் பால்கனியில் புகைக்கவே விடுவதில்லை. புகைப்பதற்கென்று திறந்த தளத்தில் தனி இடம் ஒதுக்குகின்றன. அந்த இடத்துக்கு அருகிலோ கீழேயோ அறை அமையாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

‘கேரண்டி’ என்ற பெயரில் விற்கப்படும் மலிவான டிக்கெட்டில் பால்கனி உறுதி, அறை எண் உறுதியில்லை; எண்ணை நிறுவனமே பின்னர் ஒதுக்கும். ஆட்டத்துக்கும் சத்தத்துக்கும் அஞ்சாதவர்களுக்கு அது லாபம். மற்றவர்கள் எண்ணைத் தாங்களே குறித்துக் கொடுப்பது மேல். அப்படிக் கொடுத்த பிறகும் ஒரு சிக்கல் உண்டு: ‘இலவசமாக உயர் வகுப்பு தருகிறோம்’ என்று நிறுவனம் நடுப்பகுதி அறையிலிருந்து உச்சித் தளத்தின் முன்பக்கத்துக்கு மாற்றிவிடலாம். அது வேண்டாதவர்கள், முன்பதிவிலேயே ‘அப்கிரேடு வேண்டாம்’ என்று குறிக்கச் சொல்லி ஏஜென்டிடம் கேட்கலாம்.